சம்பங்கியின் கை

இன்னும் பத்தே நிமிஷம் சார்னு இந்தப் பொண்ணு சொல்லி இருபது நிமிஷம் ஆச்சு. மல்லாக்கப் படுத்து, வலது கையை மேல தூக்கி, விரலை மூடி வச்சுக்கிட்டு கிடக்கேன். கீழ சிமெண்டுத் தரை, அது மேல ஒரு கோணி, கோணி மேல நான். அம்பத்திமூணு வயசு, தோள்பட்டைல ஒரு பிளேட்டு, அதுல ஆறு ஸ்க்ரூ. அசையாதீங்க சார்ங்கறா. அசையலம்மா, மூச்சு விடறேன், அதையும் நிறுத்தணும்னா சொல்லு, நிறுத்திப் பழக்கம்தான். சிரிக்கிறா. நல்ல பொண்ணு, மெர்லின்னு பேரு, கை முழுக்க ஈரக் களிமண்ணு, மூக்கு நுனில கூட ஒரு பொட்டு ஒட்டியிருக்கு. சிலை பண்றவ. சினிமா ஃபைட்டருங்களுக்குன்னு எங்க யூனியன் முதமுதலா ஒரு விருது கொடுக்கப் போகுது, அதுக்குச் சிலை இவ கையில. எனக்கும் அவளுக்கும் நடுவுல முக்காலி, முக்காலி மேல களிமண்ணுல ஒரு ஆளு என்னை மாதிரியே மல்லாந்து கையைத் தூக்கிக்கிட்டு. நான் போஸு கொடுக்கறேன், ஆனா அது நான் இல்ல. அது சம்பங்கி. செத்துப் பதினாலு வருஷம் ஆன சம்பங்கி. விருதுக்கே அவன் பேருதான். நாலு மணிக்கு அவன் பொண்டாட்டி ஜெகதா வந்து பாத்து சரின்னு சொல்லணும், நாலரைக்கு அச்சு எடுக்கற ஆளு வருவான். அச்சு எடுத்துட்டா முடிஞ்சுது, அப்புறம் வெண்கலம், அப்புறம் மாத்த முடியாது. இப்ப மணி மூணேகால். அந்தக் கடியாரத்தை ஏன்தான் என் தலைக்கு நேரா மாட்டியிருக்காளோ.

விருதுன்னு பேச்சு எடுத்ததும் எவ்வளவு கூத்து. கமிட்டில பதினோரு பேரு, பதினோரு சிலை. ஸ்டண்ட் மாஸ்டருக்குச் சிங்கம் வேணும். செக்ரட்டரிக்கு றெக்கை வச்ச ஆளு வேணும். ஒருத்தன் நெருப்பு வளையம்ங்கறான், ஒருத்தன் பிலிம் சுருள்ங்கறான், அட பாவி, பிலிமு எங்கடா இருக்கு இப்போ. கடைசில நான் கடுப்பாகி, பேசாம ஒரு ஸ்ட்ரெச்சரை வெள்ளில செஞ்சு கொடுங்கடா, எல்லாருக்கும் அடையாளம் தெரியும்னேன். ஒருத்தனும் சிரிக்கல. அப்பதான் இந்த மெர்லின் வந்தா. பழைய வீடியோ எல்லாம் போட்டுக் காட்டச் சொல்லி ரெண்டு நாள் உக்காந்து பாத்தா. பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. விழுந்ததும் எல்லாரும் கையைத் தூக்கறாங்களே, அது என்னன்னா. எங்களுக்கு அது ஒரு கேள்வியாவே இதுவரைக்கும் பட்டதில்ல. மேலேர்ந்து குதிச்சு அட்டைப்பெட்டி மேல விழுவோம். விழுந்தவன் கையைத் தூக்கற வரைக்கும் யூனிட்ல ஒருத்தன் கை தட்டக் கூடாது, கிட்ட ஓடக் கூடாது, அது எங்க சட்டம். விரலை மூடிக் காட்டினா நல்லா இருக்கேன், தட்டுங்கடான்னு அர்த்தம். விரலை விரிச்சுக் காட்டினா என்னைத் தொடாதீங்க, ஆஸ்பத்திரி வண்டியைக் கொண்டு வாங்கன்னு அர்த்தம். அவ்வளவுதாம்மான்னார் மாஸ்டர். அவ எழுந்து நின்னுட்டா. இதுதான் சார் உங்க சிலைன்னா. வேணாம்னு சொல்ல வாயைத் தொறந்தேன். என்ன காரணம் சொல்றது? அந்தச் சிங்கத்தையே வச்சிருக்கலாம். சிங்கத்துக்கு என்ன குறைச்சல்.

அழகாதான் யோசிச்சிருக்கா, அதைச் சொல்லணும். சிலைக்கு மூஞ்சி கிடையாது. அந்தப் பக்கம் திரும்பி, பெட்டிக்குள்ள புதைஞ்சு, காது மட்டும் தெரியும். ஏம்மான்னு கேட்டதுக்கு, உங்க மூஞ்சி தெரிஞ்சா ஷாட்டு வேஸ்ட்டுன்னு நீங்கதானே சொன்னீங்கன்னா. ஆமா, சொன்னேன். முப்பது வருஷம் ஹீரோவுக்கு டூப் போட்டவனுக்கு முதுகும் பிடரியும்தான் முகவரி. பீடத்துக்கு அட்டைப்பெட்டியவே பண்ணியிருக்கா, ஒட்டின டேப்பு கோடு கூட விட்டுவைக்கல. கனமா இருக்கணுமாம், மேடையில வாங்கறவன் கை ஒரு தடவை கீழ இறங்கி அப்புறம் மேல வரணுமாம். மனுஷன் முழுக்கப் படுத்திருக்கான், ஒண்ணு மட்டும் நிமிந்திருக்கு, அது கை, அதான் சார் ஜெயிப்புன்னா. ஜெயிப்பாம். எனக்கு அடக்க முடியாம இருமல் வந்துடுச்சு. இப்பவும் வருது. இரும முடியாது, கை ஆடும். தோள் மரத்துப் போச்சு, விரல் நுனில எறும்பு ஊருது. ஸ்டூலு வைக்கட்டுமா சார், முழங்கைக்குத் தாங்கலா இருக்கும்னா. வேணாம்மான்னேன். அவனுக்கு யாரு ஸ்டூலு போட்டா? அவன் முழங்கை பெட்டி இடுக்குல மாட்டிக்கிட்டு தானா நின்னுச்சு. சும்மா இரு, அங்க போகாத. கடியாரத்தைப் பாரு. மூணு இருபத்திரெண்டு.

கட்டைவிரல்தான் சார் இடிக்குதுங்கறா. காலைலேர்ந்து இதே பல்லவி. நான் கட்டைவிரலை வெளிய வச்சு மூடியிருக்கேன். அப்படித்தான் மூடணும். சண்டைக்குன்னு கை மூடக் கத்துக்கற முத நாளு சொல்லிக் கொடுக்கறதே அதுதான், கட்டைவிரலை உள்ள வச்சுக் குத்தினா உடையப் போறது உன் விரலுடான்னு. உள்ள வச்சு மூடறது தொட்டில்ல கிடக்கற குழந்தை மட்டும்தான். ஆனா இவகிட்ட ஒரு போட்டோ இருக்கு. ஸ்டில்ஸ்காரன் எங்கேயோ தூரத்துலேர்ந்து எடுத்தது, யாரு பரண்லயோ கிடந்ததைத் தேடி எடுத்துட்டா. பெட்டிக் குவியலு, அதுல ஒரு கை, பக்கத்துல எழுந்து நடந்து போற என் முதுகு. பெருசு பண்ணிப் பாத்தா கட்டைவிரல் உள்ள இருக்கு. போட்டோல உள்ள இருக்கு, நீங்க வெளிய காட்டறீங்க, எது சார் சரிங்கறா. போட்டோ தப்பும்மா, நிழலுன்னேன். பக்கத்துல இருந்தது நீங்க ஒருத்தர்தானே, நீங்க சொன்னா சரின்னா. ஆனாலும் களிமண்ணுல உள்ளதான் வச்சிருக்கா. ஜெகதாம்மா வரட்டும், பாத்துட்டு மாத்திக்கலாம்ங்கறா. விளங்கின மாதிரிதான். உள்ள வச்சு வார்த்தா ஒவ்வொரு வருஷமும் ஒரு ஃபைட்டரு மேடையேறி வாங்குவான், வீட்டுல வச்சு ராத்திரி பகலாப் பாப்பான், என்னிக்காவது ஒருத்தன் கேப்பான். சம்பங்கி மாதிரி கைகாரன் கட்டைவிரலை உள்ள வச்சா கையை மூடுவான்? இது அவன் மூடின கை இல்லையேடா. யாரு மூடினது?

வெளின்னு இன்னொரு தடவை அடிச்சுச் சொன்னா மாத்திடுவா. அரை நிமிஷ வேலை, களிமண்ணுதானே. சொல்லிடு ஏகாம்பரம். பதினாலு வருஷம் சொன்னவனுக்கு இன்னொரு தடவை சொல்ல என்ன கேடு?

அவன் என்னை ஏகான்னுதான் கூப்பிடுவான். ஏகா, டீ சொல்லு. ஏகா, எம் பேண்ட்டு கிழிஞ்சுடுச்சு, பின்னாடி நில்லு. ஒரே பஸ்ல வருவோம், ஒரே டிபன் பாக்ஸ், ஜெகதா கட்டிக் கொடுத்த கருவாட்டுக் குழம்பை யூனிட்டே மோப்பம் புடிச்சு வரும். பயமே இல்லாதவன்னு எல்லாரும் சொல்லுவாங்க, சுத்தப் பொய், நல்லா பயப்படுவான். குதிக்கறதுக்கு முன்னாடி மூணு தடவை ஒண்ணுக்குப் போவான். பயம் இருக்கறவன்தான்டா உசுரோட வீட்டுக்குப் போவான்னு சொல்லுவான். சாகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, ஒரு மாடிப் படில உருண்டான், உருண்டு கீழ வந்து கையை விரிச்சுக் காட்டினான். யூனிட்டே ஆடிப் போச்சு. வண்டி வந்துச்சு, ஹீரோ வந்து தலையைத் தடவினாரு, ஷூட்டிங்கே நின்னு போச்சு. ஆஸ்பத்திரில பாத்தா தொடையில சதைப் பிடிப்பு. வெறும் பிடிப்பு. அதோட ஒழிஞ்சான். அஞ்சு விரலுன்னு பேரு வச்சுட்டானுங்க. அஞ்சு விரல் வந்துட்டான், வண்டியை ரெடி பண்ணுங்கடா. அஞ்சு விரலுக்கு டீ கொடுடா, நாக்கு சுட்டா கையை விரிப்பான். ஒரு வருஷம். முழுசா ஒரு வருஷம் ஓட்டினானுங்க. சிரிச்சுக்கிட்டே நிப்பான், பஸ்ல வரும்போது பேசவே மாட்டான். பேரை வச்சது யாரு? யாரு வச்சது, சொல்லேன். நான்தான். முத முதல்ல அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். சிநேகிதன்தானே, உரிமை இருக்குன்னு.

சார், கை இறங்குது. இறங்கட்டும்மா. சரி, தூக்கறேன், இதோ. எவ்வளவு வலிக்குது, கடவுளே. முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கே எனக்கு இப்படின்னா. மூணரை. அன்னிக்கு வெளிச்சம் போயிக்கிட்டு இருந்துச்சு, பழைய நூல் மில்லு, தண்ணித் தொட்டி மேலேர்ந்து நாப்பத்தஞ்சு அடி. பூசணிக்காய் சுத்தி உடைச்சாச்சு. பெட்டியெல்லாம் நான்தான் அடுக்கினேன், ஒழுங்காதான் அடுக்கினேன், அதுல ஒரு குத்தமும் கிடையாது, எத்தனை தடவை வேணா சத்தியம் பண்ணுவேன். அவன் ஒரு முழம் தள்ளி விழுந்தான். காத்தா, கால் வழுக்கிச்சா, தெரியாது. ஓரத்துல விழுந்தான். பெட்டி அமுங்கற சத்தத்தோட வேற ஒரு சத்தமும் கேட்டுச்சு, எனக்கு மட்டும் கேட்டுச்சு, பக்கத்துல இருந்தேனே. யூனிட்டே மூச்சு விடாம நிக்குது. கை வருது. பெட்டிக்கு நடுவுலேர்ந்து கை மேல வருது. விரிஞ்சிருந்துச்சு. அஞ்சு விரலும். தள்ளி நின்ன ஒருத்தனுக்கும் தெரியாது, நடுவுல என் முதுகு இருந்துச்சு, சட்டத்தை மீறி நான் ஓடி அவன்கிட்ட போயிட்டேன். நான் பாத்தேன். அவன் என்னைப் பாத்தான்.

மூடியிருந்துச்சுன்னு சொல்லிச் சொல்லி ஒரு நாளு எனக்கே அப்படித்தான் ஞாபகம் வர ஆரம்பிச்சுது. நெஜம்மா. கண்ணை மூடினா மூடின கைதான் தெரியும். இன்னிக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது? டேய், மானத்தை வாங்காதடான்னேன். அதுதான் நான் சொன்னது. அவன் காதுகிட்ட குனிஞ்சு, மறுபடி அஞ்சு விரலாடா, வெளிச்சம் போவுதுடா, ஒரு வருஷம் ஓட்டினது பத்தலயாடான்னு சொல்லி, அவன் விரலைப் புடிச்சு மடக்கினேன். நான் மடக்கினேன். நல்லதுக்குன்னு நெனச்சுதான் மடக்கினேன், அட, நம்புங்களேன், அவன் மானத்தைக் காப்பாத்தறேன்னு நெனச்சேன். கட்டைவிரல் முதல்ல போச்சு, அதுக்கு மேல மத்த நாலும். அவசரம். எழுந்து நகந்துட்டேன். பின்னாடி கை தெரிஞ்சுது எல்லாருக்கும். தட்டினானுங்க பாரு, அப்படி ஒரு தட்டல், மில்லு சுவரெல்லாம் எதிரொலிச்சுது. மாஸ்டரு அடுத்த ஷாட்டுன்னாரு. படுத்திருக்கட்டும்டா, மூச்சு வாங்கட்டும்னாரு. யூனிட்டே அந்தப் பக்கம் கார் ஷாட்டுக்கு நகந்துச்சு, நானும் பெட்டி அடுக்கப் போயிட்டேன்.

முத ஆளா நான்தான் திரும்பி வந்தேன், கை மறுபடி விரிஞ்சிருந்துச்சு. அப்படியே நின்னுச்சு, முழங்கை இடுக்குல மாட்டி. கண்ணு தொறந்திருந்துச்சு. வண்டில போகும்போது என் மடியிலதான் தலை. வயித்துக்குள்ளயே ரத்தம் கொட்டியிருக்கு, அரை மணி முன்னாடி வந்திருந்தா பொழைச்சிருப்பாருன்னாரு டாக்டரு. என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. நான் ஜெகதாகிட்ட என்ன சொன்னேன்? நல்லா இருக்கேன்னு கையை மூடிக் காட்டினாம்மா, வலியே இல்லாமப் போயிட்டான், நமக்கே தெரியல, அவனுக்கே தெரியலன்னேன். சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தவ, வலிக்கலல்லண்ணா, வலிக்கலல்லன்னு நாலஞ்சு தடவை கேட்டா. வலிக்கலம்மான்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

வாசல் கேட்டு திறக்குது. மூணு நாப்பத்தஞ்சுதானே, ஏன் இப்பவே வந்தா? மெர்லின் எழுந்து கையைத் துடைக்கிறா. ஜெகதா வந்துட்டா. காஸ்ட்யூம்ல வேலை பாக்கறா இப்போ, தோள்ல அளவு டேப்பு தொங்குது, கழட்ட மறந்து வந்துட்டா போல. என்னண்ணா இப்படித் தரையில போட்டு வாட்டறாங்க உங்களைன்னு சிரிச்சா. எழுந்திருக்க முடியல, அப்படியே கிடக்கேன், கை மட்டும் இறங்கிப் போச்சு. அவ முக்காலிகிட்ட போனா. சுத்திச் சுத்திப் பாத்தா. அழலை. தொடலாமாம்மான்னு மெர்லினைக் கேட்டா. மெதுவா, ஈரமா இருக்குன்னா அவ. ஒரு விரலால அந்தக் களிமண் கையைத் தொட்டா, தொட்டதும் மூஞ்சி மலர்ந்து போச்சு, பதினாலு வருஷத்துல நான் பாக்காத சிரிப்பு. எப்படிம்மா உனக்குத் தெரியும் இதுங்கறா. எதும்மான்னு கேட்டா மெர்லின். இந்தக் கட்டைவிரல். அவரு தூங்கும்போது இப்படித்தான், கட்டைவிரலை உள்ள வச்சு மூடிக்கிட்டு, பச்சப்புள்ள கணக்கா. எழுப்பும்போது நான் ஒவ்வொண்ணாப் பிரிச்சு விடுவேன். கடைசி நேரத்துல தூங்கற மாதிரிதான் போயிருக்காரு, அண்ணன் சொன்னது சரியாப் போச்சுன்னு என்னைப் பாக்கறா. மெர்லினுக்கு முகமெல்லாம் சந்தோஷம். பாத்தீங்களா சார், போட்டோதான் சரின்னா. அப்ப இதே இருக்கட்டும், அச்சுக்காரருக்கு போன் பண்ணிடறேன்னு மொபைலை எடுத்துட்டா.

முடிஞ்சுது. தப்பிச்சுட்டேன். இனிமே எவனும் கேக்க மாட்டான், கேட்டா ஜெகதாவே பதில் சொல்லிடுவா, தூங்கும்போது அவரு அப்படித்தான்னு. வெண்கலத்துல நிக்கும். நான் செத்த பிறகும் நிக்கும். வாயை மூடிக்கிட்டு எழுந்து ஒரு டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போகலாம். அவ சந்தோஷமா இருக்கா, அதைக் கெடுக்க நீ யாரு? சொல்லி என்ன ஆகப் போவுது, வரவா போறான்? சொல்லாத. அவளுக்குப் பாவம் பண்ணாத. இதைத்தானே அன்னிக்கும் சொன்ன, நல்லதுக்கு, நல்லதுக்குன்னு. வாயைப் பொத்து. அவ மறுபடி அந்தக் கையைத் தடவறா, தூங்கற புருஷனைத் தடவற மாதிரி தடவறா, அவ தடவறது என் வேலையை, என் அவசரத்தை, நான் மடக்கின மடக்கை. என்னால முடியல. எப்பா, என்னால முடியல.

ஜெகதா, அது அவன் மூடின கை இல்லம்மான்னேன்.

குரல் எனக்கே கேக்கல. என்னண்ணான்னு திரும்பினா. எழுந்து உக்காந்தேன், தரையைப் பாத்துக்கிட்டே சொன்னேன். விரிச்சுக் காட்டினாம்மா. வண்டி வேணும்னு கேட்டான். கிண்டல் பண்ணுவானுங்களேன்னு நான்தான் மடக்கி விட்டேன். கட்டைவிரல் அப்பதான் உள்ள போச்சு. எல்லாரும் தட்டினாங்க. நான் வேற வேலைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப மறுபடி விரிச்சு வச்சிருந்தான். எல்லாத்தையும் சொன்னேன், டாக்டரு சொன்ன அரை மணியையும் சொன்னேன். மெர்லின் காதுல வச்ச மொபைல்ல யாரோ ஹலோ ஹலோன்னு கத்தறது இங்க வரைக்கும் கேக்குது. ஜெகதா அடிப்பான்னு பாத்தேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். காறித் துப்புவான்னு பாத்தேன். அவ அந்த முக்காலி பக்கத்துலயே, தரையிலயே, புடவையெல்லாம் களிமண்ணு ஆவ உக்காந்துட்டா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. சத்தமே இல்லாமக் கேட்டா.

"ரெண்டாவது தடவை எவ்வளவு நேரம்ணா தூக்கி வச்சிருந்தாரு?"

"தெரியலம்மா"ன்னேன். "நான் திரும்பிப் பாக்கல."